ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணினி: ஆசிரியர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கணினி சொல்லித்தரும் ஆசிரியர்களும், மாலை நேர மையம் நடத்துவோரும், பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். பத்தாம் வகுப்பு முடிக்கிற பிள்ளை தன் விண்ணப்பத்தைத் தானே நிரப்ப வேண்டும். கையில் வந்த செய்தி மெய்யா என்று தானே பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழியைத்தான் கீழே எழுதியிருக்கிறோம்.

பத்தாம் வகுப்பு வரை கணினிக்குத் தனிப்பாடம் இல்லையே, நேரத்தை எங்கே எடுப்பது?

சமச்சீர்ப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல், கணினிப் பயன்பாடுகள், கணினித் தொழில்நுட்பம் எல்லாம் பதினொன்றாம் வகுப்பில்தான் தனிப்பாடமாக வருகின்றன. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் கடைசியில் 'காட்சித் தொடர்பு' என்றொரு பாடம் உண்டு. கட்டளைக் கட்டைகளை அடுக்கி நிரல் எழுதும் ஸ்கிராச் மென்பொருளை அது அறிமுகம் செய்கிறது. பொதுத்தேர்வு நெருக்கத்தில் அதைப் படித்து ஒப்பித்துவிட்டுப் போவதே பல இடங்களில் நடக்கிறது.

எனவே ஒன்பதாம் வகுப்புதான் சரியான காலம். வாரம் ஒரு பாடவேளை கிடைத்தாலே போதும். ஜூனில் தொடங்கினால் தேர்வு, விடுமுறை எல்லாம் கழித்து 28 முதல் 30 வகுப்புகள் தேறும். தனிப் பாடவேளைக்கு வழியே இல்லை என்றால் மற்றப் பாடங்களோடு சேர்த்துவிடுங்கள். கணக்கில் புள்ளியியல் வரும்போது அட்டவணை, சமூக அறிவியலில் மக்கள்தொகை வரும்போது தேடல், தமிழில் கடிதம் வரும்போது தட்டச்சு. வேறொரு பாடத்தின் வேலையை முடிப்பதற்காகக் கணினியைத் தொட்ட பிள்ளை அதை எளிதில் மறப்பதில்லை.

முதல் வகுப்பில் எதைச் சொல்லித்தருவது? கணினியின் பாகங்களா?

வேண்டாம். உள்ளீட்டுச் சாதனம், வெளியீட்டுச் சாதனம் என்று கரும்பலகையில் படம் போட்டால் முதல் மாதம் அதிலேயே போய்விடும். முதல் நாளே ஒவ்வொருவரும் தன் பெயரையும் ஊரையும் இரண்டு வரி எழுதி, அதற்கு ஒரு பெயர் கொடுத்துச் சேமித்து, மூடிவிட்டு, மறுபடி தேடித் திறக்கட்டும். 40 நிமிடத்துக்கு இது தாராளமான வேலை. மூடியதைத் திறக்கத் தெரியாமல் பாதிப் பேர் நிற்பார்கள். அடுத்த வகுப்பு அங்கிருந்தே தொடங்கலாம்.

போனில் எல்லாம் தெரிந்த பிள்ளைகளுக்கு இது தேவையா?

தேவை. போன் கோப்புகளை எங்கே வைக்கிறது என்பதைக் காட்டுவதே இல்லை. படம் கேலரியில் இருக்கிறது, பாட்டு ஆப்பில் இருக்கிறது, அவ்வளவுதான். கோப்புறைக்குள் கோப்புறை, கோப்பின் வகை, கோப்பின் அளவு இவை மூன்றும் அவர்களுக்குப் புதிது. விண்ணப்பத்தில் 'படம் 50 கேபிக்குள் இருக்க வேண்டும்' என்று கேட்கும்போது திணறுவது இதனால்தான்.

40 பேருக்கு 10 கணினி. அதில் இரண்டு ஓடுவதில்லை. எப்படிச் சமாளிப்பது?

ஓடுகிற 8 கணினிக்கு 16 பேர் ஒரு சுற்று. அதற்கு மேல் ஒரு கணினியில் மூவரை உட்கார வைத்தால் மூன்றாமவர் வேடிக்கைதான் பார்ப்பார். ஒருவர் கை, ஒருவர் கண் என்று பிரியுங்கள். கை மட்டுமே சுட்டியையும் விசைப்பலகையையும் தொடும். கண்ணாக இருப்பவர் தாளைப் பார்த்து அடுத்த படியைச் சொல்லுவார், தவறைக் காட்டுவார், கணினியைத் தொடமாட்டார். 8 நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறட்டும். நேரம் பார்த்து நீங்கள் மணியடிக்காவிட்டால் வேகமான பிள்ளையே கடைசிவரை கையாக இருந்துவிடும். பெண் பிள்ளைகளும் கூச்சமுள்ளவர்களும் கண்ணாகவே நின்றுவிடுவதை எல்லா வகுப்பிலும் பார்க்கலாம்.

மீதி 24 பேருக்குத் தாள் வேலை கொடுங்கள், வெறும் நேரம் போக்க அன்று, அடுத்த சுற்றுக்கான தயாரிப்பாக. அட்டவணை வகுப்பென்றால் கட்டம் போட்ட தாளில் தலைப்பும் எண்களும் எழுதி, எந்தக் கட்டத்தில் என்ன சூத்திரம் என்று குறித்துக்கொண்டு வரட்டும். அப்படி வரும் பிள்ளை 15 நிமிடத்தில் முடிக்கும். தாள் இல்லாமல் வரும் பிள்ளைக்கு 40 நிமிடமும் போதாது.

சேமித்த கோப்பு அடுத்த வாரம் காணாமல் போகிறது. யாராவது அழிக்கிறார்களா?

பெரும்பாலும் யாரும் அழிப்பதில்லை. 'டாக்குமெண்ட் 1' என்ற பெயரில் ஏதோ ஓர் இடத்தில் சேமித்திருப்பார்கள், அல்லது அடுத்த வாரம் வேறு கணினியில் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு கணினிக்கும் எண் எழுதி ஒட்டுங்கள். பிள்ளை தன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணினி எண், கோப்புறை, கோப்பின் பெயர் மூன்றையும் எழுதிவிட்டுத்தான் எழ வேண்டும். பெயருக்கு ஒரே விதி: வகுப்பு, வரிசை எண், வேலை. '9ஆ-17-பால்கணக்கு' என்றால் யாருடையது, எது என்று கேட்கவே வேண்டியதில்லை.

பொதுக் கணினிகளில் மறுதொடக்கம் செய்தால் எல்லாம் பழையபடி ஆகும்படி அமைத்திருப்பதும் உண்டு. உயர்தொழில்நுட்ப ஆய்வகம் உள்ள பள்ளி என்றால் சேமிப்பதற்கு எந்த இடம் ஒதுக்கியிருக்கிறது என்று பொறுப்பாளரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

தமிழில் தட்டச்சு: ஒலிபெயர்ப்பா, தமிழ் 99-ஆ?

இரண்டும் நடக்கும். ஒலியை ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றுவது ஒலிபெயர்ப்பு. விசைகளில் தமிழ் எழுத்துகளையே வைத்து அடிப்பது தமிழ் 99. பிள்ளைகள் போனில் 'அம்மா' என்பதை ஆங்கில எழுத்தில் அடித்துப் பழகியிருப்பதால் ஒலிபெயர்ப்பு உடனே வரும். ஆனால் ல, ள, ழ, ர, ற, ன, ண, ந எல்லாம் ஆங்கில எழுத்தில் குழம்பும். பரிந்துரைப் பட்டியலில் முதலில் வருவதை அழுத்திவிட்டுப் போவார்கள், பிழை கண்ணில் படாது. தமிழ் 99-இல் எழுத்தைத் தெரிந்துதான் அடிக்க முடியும். ஒன்பதாம் வகுப்புக்கு அதையே பரிந்துரைக்கிறோம்.

1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி உருவான தளக்கோலம், அதாவது எந்த விசையில் எந்த எழுத்து என்ற அமைப்பு இது. இடக்கைப் பக்கம் உயிரெழுத்து, வலக்கைப் பக்கம் பெரும்பாலும் மெய். நடுவரிசையில் இடமிருந்து அ, இ, உ, புள்ளி, எ. தொடர்ந்து க, ப, ம, த, ந, ய. விண்டோஸ் 10, 11-இல் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் தமிழ் 99 விசைப்பலகையையும் சேர்க்கலாம். லினக்ஸிலும் உண்டு.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய முக்கியமான விதி, புள்ளி தானாக விழுவது. ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி விழும்: அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டில் 'அம்மா' வந்துவிடும். ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற என்று இன எழுத்துகள் அடுத்தடுத்து வந்தாலும் அப்படியே. மாவட்டத்தின் பெயரிலேயே மாட்டிக்கொள்வதும் இங்கேதான். 'தருமபுரி' என்று அடிக்கப் போனால் ம-வுக்குப் பின் ப வருவதால் 'தரும்புரி' என்று விழும். ம அடித்ததும் ஒரு அ அடித்துவிட்டுப் பிறகு ப அடிக்க வேண்டும். இந்த ஒரு சொல்லைச் சரியாக அடித்துவிட்டால் விதி முழுவதும் புரிந்துவிடும். கிருஷ்ணகிரிப் பிள்ளைகளுக்கு ஷ-தான் சிக்கல். கிரந்த எழுத்துகள் ஷிஃப்ட் விசையோடு மேல்வரிசையில் இருக்கின்றன.

ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் 10 நிமிடம் போதும். முதல் நான்கு வாரம் நடுவரிசை மட்டும். விசைப்பலகையில் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். ஒட்டினால் கண் கீழேயே இருக்கும், இரண்டு மாதத்தில் பாதி உரிந்தும் போகும். தளக்கோலத்தைப் பெரிதாக அச்சிட்டு எதிர்ச்சுவரில் ஒட்டுங்கள். ஆண்டு முடிவில் நிமிடத்துக்கு 12 முதல் 15 சொல் வந்தால் நல்ல தேர்ச்சி.

தட்டச்சுப் பயிலகத்தில் தமிழ் லோயர் (இளநிலைத் தட்டச்சு) படிக்கும் பிள்ளை வகுப்பில் இருந்தால் மாற்றச் சொல்லாதீர்கள். அங்கே பழகுவது பழைய தட்டச்சுப்பொறித் தளக்கோலம். அதே தளக்கோலம் கணினியிலும் கிடைக்கும். ஒரு கை இரண்டு பழக்கத்தை ஒரே நேரத்தில் ஏற்காது.

அச்சகத்திலிருந்து வந்த தமிழ்க் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரிகிறதே?

கோப்பு கெட்டுப்போகவில்லை. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது அது. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்த எழுத்துருக்கள் அவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உள்ளே இருக்கும் ஆங்கிலம் வெளியே தெரிகிறது. எழுத்துருவை நிறுவினால் படிக்கலாம், ஆனால் தேட முடியாது, மின்னஞ்சலில் ஒட்டினால் மறுபடி குழம்பும். எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டு எல்லாக் கணினியிலும் ஒரேபோலத் தெரியும் யூனிகோடு எழுத்தாக மாற்றிக்கொள்வதே நிலையான வழி. தமிழ்நாடு அரசு 2010-இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. பள்ளி வினாத்தாள்களையாவது இனி அதில் அடிக்கத் தொடங்குங்கள்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் அதிகம். அவர்களுக்கு?

வேலை முறை ஒன்றுதான். திரையில் வரும் சேவ், கேன்சல், அப்லோட் போன்ற 25 ஆங்கிலச் சொற்களை எழுதி ஒட்டி, அவற்றுக்கு என்ன நடக்கும் என்று செய்து காட்டுங்கள். மொழிபெயர்ப்பைவிடச் செய்து காட்டுவது எல்லா மொழிக்காரருக்கும் எட்டும். தேடலில் இவர்களுக்கு ஒரு பலம் உண்டு: ஒரே செய்தியைத் தமிழிலும் கன்னடத்திலும் தேடிப் பார்க்க முடியும். காவிரி நீர்ச் செய்திகளில் அது எவ்வளவு பயன் என்று வகுப்பில் செய்தாலே தெரியும்.

அட்டவணை மென்பொருளை (எக்செல், லிப்ரே ஆபீஸ் கால்க்) எதை வைத்துச் சொல்லித்தருவது?

பால் கணக்கை வைத்து. இந்த இரண்டு மாவட்டத்திலும் வகுப்பில் பத்துப் பிள்ளைகள் வீட்டிலாவது மாடு இருக்கும், சொசைட்டிக்குப் பால் ஊற்றுவார்கள். 15 நாள் கணக்கை நோட்டில் எழுதி வரச் சொல்லுங்கள். மாடு இல்லாத பிள்ளை பக்கத்து வீட்டில் கேட்டு வரலாம். தோப்பு இருக்கிற வீட்டுப் பிள்ளை கிளிமூக்கு மாங்காய் எடைக்கணக்கைக் கொண்டுவந்தாலும் சரி.

ஏ நெடுவரிசையில் தேதி, பி-யில் காலை லிட்டர், சி-யில் மாலை லிட்டர், டி-யில் மொத்தம், இ-யில் தொகை. எச் 1 கட்டத்தில் ஒரு லிட்டர் விலை. நிஜத்தில் கொழுப்புச் சத்துக்கு ஏற்ப விலை தினமும் மாறும். முதல் பயிற்சிக்கு ஒரே விலை என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாம் வாரம் விலைக்கும் ஒரு நெடுவரிசை சேர்க்கலாம். டி 2-இல் சமக்குறி போட்டு பி 2 கூட்டல் சி 2. இ 2-இல் டி 2 பெருக்கல் எச் 1. கட்டத்தின் வலது கீழ் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் மற்ற வரிகளுக்கும் சூத்திரம் போகும்.

இங்கே வழக்கமாக மூன்று தவறுகள் நடக்கும். மூன்றையும் நடக்கவிட்டுப் பிறகு திருத்துங்கள். முன்கூட்டியே எச்சரித்தால் மனதில் நிற்பதில்லை.

இரண்டாம் நாள் வரியிலிருந்து தொகை எல்லாம் பூஜ்யமாக வரும். சூத்திரத்தை இழுக்கும்போது எச் 1 என்பது எச் 2, எச் 3 என்று தானும் கீழே நகர்ந்துவிட்டது. அங்கே எதுவும் இல்லை. எச்-சுக்கு முன்னும் 1-க்கு முன்னும் டாலர் குறி போட்டால் விலைக் கட்டம் நகராமல் நிற்கும்.

அடுத்தது, பிள்ளை '5.5 லி' என்று எழுதியிருக்கும். 'லி' சேர்ந்ததும் கணினிக்கு அது எண் இல்லை, எழுத்து. சம் சூத்திரம் அதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும், கூட்டலோடு எழுதினால் பிழை காட்டும். எண்கள் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் ஒட்டி நிற்கும். இடப்பக்கம் ஒட்டிய எண்ணைக் கண்டால் சந்தேகப்படு என்று சொல்லிவைத்தால் போதும். அலகைத் தலைப்பில் எழுத வேண்டும்.

மூன்றாவது தேதி. கணினி அமெரிக்க முறையில் அமைந்திருந்தால் 03/07 என்பது மார்ச் 7 ஆகிவிடும். 12-ஆம் தேதி வரை தவறே தெரியாது. 13/07 வந்ததும் அதை மட்டும் தேதியாக ஏற்காமல் இடப்பக்கம் ஒட்டிவிடும். வட்டார அமைப்பை இந்தியா என்று மாற்றிவிட்டுத் தேதிகளை மறுபடி அடிக்க வேண்டும்.

கடைசியாக, கணினி சொன்ன மொத்தத்தைக் கையால் கூட்டி ஒப்பிடச் சொல்லுங்கள். வீட்டுப் பால் அட்டையில் உள்ள தொகையோடும் ஒப்பிடட்டும். வித்தியாசம் வந்தால் எந்த வரியில் என்று தேடுவதுதான் அந்த வகுப்பின் பாடம்.

தேடினால் வருவதை அப்படியே எழுதி வருகிறார்கள். சரிபார்க்க எப்படிப் பழக்குவது?

'நம்பாதே' என்று பொதுவாகச் சொல்வதால் பயனில்லை. விடை தடுமாறும் கேள்வியைக் கொடுத்து, ஏன் தடுமாறுகிறது என்று கண்டுபிடிக்க வைக்க வேண்டும். நம் மாவட்டத்திலேயே அப்படிப்பட்ட கேள்விகள் இருக்கின்றன.

தருமபுரி மாவட்ட மக்கள்தொகையை 2001-க்கும் 2011-க்கும் தேடச் சொல்லுங்கள். 2001-க்குச் சுமார் 28.5 லட்சம் என்றும் 2011-க்குச் சுமார் 15 லட்சம் என்றும் சிலர் கொண்டுவருவார்கள். பத்தாண்டில் பாதிப் பேர் எங்கே போனார்கள்? பிள்ளைகள் வறட்சி, பெங்களூருக்கு இடம்பெயர்வு என்று காரணம் அடுக்குவார்கள். மெய்யான காரணம், 2004 பிப்ரவரி 9-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. 2011-இல் கிருஷ்ணகிரியின் சுமார் 18.8 லட்சத்தைச் சேர்த்தால் கணக்கு நேராகிவிடும். வேறு சிலர் 2001-க்குச் சுமார் 13 லட்சம் என்று கொண்டுவருவார்கள். அது இன்றைய எல்லைக்குத் திருத்திய எண். இரண்டு எண்ணும் சரி, இரண்டும் வேறு வேறு நிலப்பரப்பைச் சொல்கின்றன. ஒரு எண்ணைப் பார்த்ததும் 'எந்த ஆண்டு, எந்த எல்லை' என்று கேட்கும் பழக்கம் இந்த ஒரு பயிற்சியில் வந்துவிடும்.

அடுத்த வாரம், தமிழ்நாட்டில் இரும்பு எவ்வளவு பழமையானது என்று தேடட்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த மாதிரியின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தார்கள். அந்த ஆண்டுப் பக்கங்களில் '4,200 ஆண்டு' என்று இருக்கும். 2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளைக் காலக்கணிப்பை வைத்து '5,300 ஆண்டு' என்றார்கள். பக்கம் வெளிவந்த தேதியைப் பார்க்காத பிள்ளை பழைய விடையோடு வரும்.

ஆடி மாதத்தில் ஒகேனக்கல் வெள்ளக் காணொளி ஒன்று குழுக்களில் வந்தால் அதையே பாடமாக்குங்கள். காட்சியை ஓரிடத்தில் நிறுத்தித் திரைப்பிடிப்பு எடுத்து, கூகுள் லென்ஸில் போட்டுப் பழைய பக்கங்களில் அதே படம் இருக்கிறதா என்று பார்க்கட்டும். அன்றைய நீர்வரத்து எத்தனை கன அடி என்று செய்தியில் பார்த்து, காணொளியோடு வந்த எண்ணோடு ஒப்பிடட்டும். நீர்வரத்தை அளக்கும் இடம் பிலிகுண்டுலு. அந்தப் பெயரையும் சேர்த்துத் தேடினால் அளவுச் செய்திகள் முன்னால் வரும்.

தேடுசொல்லில் ஒரு சிறு நுணுக்கம். 'தருமபுரி', 'தர்மபுரி' இரண்டும் வழக்கில் இருக்கின்றன. இரண்டையும் தேடாவிட்டால் பாதிப் பக்கங்கள் தப்பிவிடும். ஊர்ப் பெயர் இரண்டு சொல்லாக இருந்தால் மேற்கோள் குறிக்குள் போடுங்கள்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியில் கேட்டு எழுதி வருகிறார்கள். தடுக்க வேண்டுமா?

தடுத்தாலும் வீட்டில் கேட்பார்கள். வகுப்பிலேயே ஒருமுறை அதன் எல்லையைக் காட்டிவிடுவது நல்லது. தங்கள் ஊர் ஏரியை வெட்டியது யார், ஊர்க் கோயில் திருவிழா எந்த மாதம் என்று கேட்கச் சொல்லுங்கள். இணையத்தில் எழுத்தே இல்லாத செய்திக்கும் சரளமான விடை வர வாய்ப்பு அதிகம். ஊர்ப் பெரியவரைக் கேட்டு வந்து ஒப்பிடும் பிள்ளைக்கு, சரளமான வாக்கியம் வேறு, உண்மை வேறு என்று அன்றே விளங்கிவிடும். பிறகு விதி வையுங்கள்: செயலி தந்த ஒவ்வொரு ஆண்டுக்கும் எண்ணுக்கும் பக்கத்தில், அதை வேறு எங்கே பார்த்து உறுதி செய்தாய் என்று எழுத வேண்டும். உறுதி செய்ய முடியாத வரியை அடித்துவிட வேண்டும்.

எங்கள் பள்ளியில் இணையமே சரியாக வராது.

மலையடிவாரப் பள்ளிகளில் இது மெய்யான தடைதான். ஆனாலும் மேலே சொன்னதில் பாதிக்கு இணையம் வேண்டியதில்லை. லிப்ரே ஆபீஸ், ஸ்கிராச் இரண்டும் இலவசம். நிறுவிவிட்டால் இணையமின்றி ஓடும். கிவிக்ஸ் என்ற மென்பொருளில் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவரலாம். நல்ல இணையம் இருக்கும் இடத்தில் ஒருமுறை இறக்கினால் ஆண்டு முழுக்கப் போதும். கோப்பு பெரிது என்பதால் பென்டிரைவை எக்ஸ்ஃபாட் முறையில் ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள். பழைய ஃபாட் 32 முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது.

போன் ஹாட்ஸ்பாட்டில் ஒரு கணினியை இணைத்துத் திரையில் காட்டுவதென்றால், முதலில் விண்டோஸ் அமைப்பில் அந்த இணைப்பை அளவிடப்பட்டது (மீட்டர்டு கனெக்‌ஷன்) என்று குறித்துவிடுங்கள். இல்லையென்றால் விண்டோஸ் அப்டேட் உங்கள் ஒருநாள் டேட்டாவைப் பத்து நிமிடத்தில் தின்றுவிடும்.

விண்ணப்பம் நிரப்புவதை எப்படிப் பயிற்சி கொடுப்பது?

பிள்ளைகள் பள்ளி முடித்ததும் ஐடிஐ, பாலிடெக்னிக், உதவித்தொகை, தேர்வாணையம் என்று வரிசையாக விண்ணப்பம்தான். பெரும்பாலோர் நெட் சென்டரில் உட்கார்ந்திருப்பவரிடம் ஆதாரையும் போனையும் கொடுத்துவிட்டு நிற்பார்கள். கடவுச்சொல்லை அவரே வைப்பார், அதை எழுதி வாங்க மறந்துவிடுவார்கள், அடுத்த ஆண்டு உள்ளே நுழைய முடியாது. ஒன்பதாம் வகுப்பிலேயே இதைக் கையில் எடுத்தால் பிள்ளைக்குப் பல ஆண்டுக்கு உதவும்.

உண்மையான விண்ணப்பத் தளத்தில் பயிற்சி செய்யாதீர்கள். கூகுள் படிவத்திலோ தாளிலோ அதே போன்ற படிவம் ஒன்றைத் தயாரித்துக்கொள்ளுங்கள்.

பெயர்தான் முதல் முட்டுக்கட்டை. முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்டால் முன்னெழுத்தை எங்கே போடுவது? முன்னெழுத்து முன்னாலா பின்னாலா, இடையில் புள்ளியா இடைவெளியா என்பதை மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், ஆதார் மூன்றிலும் பார்த்து எழுதிக்கொள்ளட்டும். மூன்றும் ஒன்றாக இல்லாத பிள்ளைகள் வகுப்பில் சிலராவது இருப்பார்கள். பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் தயாராவதற்கு முன்பே தெரிந்தால் திருத்துவது எளிது. மதிப்பெண் சான்றிதழ் அச்சான பிறகு அலைச்சல்தான்.

அடுத்து ஒளிப்படம். பல விண்ணப்பங்கள் 20 முதல் 50 கேபிக்குள் ஜேபெக் படம் கேட்கும். போனில் எடுத்த படம் 3 எம்பி இருக்கும். பெயிண்டில் திறந்து, முகமும் தோளும் மட்டும் இருக்கும்படி வெட்டி, கண்ட்ரோலும் டபிள்யூவும் சேர்த்து அழுத்தி, பிக்சலைத் தேர்ந்து அகலம் 200 என்று கொடுத்தால் உயரம் தானாகக் குறையும். ஜேபெக்காகச் சேமித்து, பிராப்பர்ட்டீஸில் அளவைப் பார்க்க வேண்டும். 20-க்குக் கீழே போய்விட்டால் அகலத்தைக் கூட்டி, மூலப் படத்திலிருந்தே மறுபடி செய்யட்டும். சிறிதாக்கியதைப் பெரிதாக்கினால் மங்கிவிடும். பிஎன்ஜி கோப்பின் பெயரில் கடைசி எழுத்துகளை மட்டும் ஜேபிஜி என்று மாற்றினால் வகை மாறாது, தளம் மறுக்கும். சேவ் ஆஸ் கொடுத்துத்தான் மாற்ற வேண்டும்.

மின்னஞ்சல் கணக்கு பிள்ளையின் பெயரில் இருக்கட்டும். கூகுள் கணக்குக்கு இந்தியாவில் 13 வயது ஆகியிருந்தால் போதும். மீட்புக்கு வீட்டில் நிலையாக வைத்திருக்கும் எண்ணைக் கொடுக்க வேண்டும். வேலைக்காகப் பெங்களூர் போய்வரும் குடும்பங்களில் சிம் மாறிக்கொண்டே இருக்கும். மாதக்கணக்கில் பயன்படுத்தாத எண்ணை நிறுவனம் வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம், அப்போது ஓடிபி அவருக்குப் போகும். எண் மாறினால் அன்றே கணக்கிலும் மாற்று என்று சொல்லுங்கள். கடவுச்சொல்லை வீட்டு நோட்டில் எழுதி வைப்பதில் தவறில்லை. மறந்துபோவதைவிட அது மேல்.

நெட் சென்டருக்குப் போனால் பிரைவேட் சாளரத்தில் திறப்பது, கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்றால் வேண்டாம் என்பது, வேலை முடிந்ததும் வெளியேறுவது, டவுன்லோட் கோப்புறையில் விட்ட ஆதார் நகலை அழித்துக் குப்பைத்தொட்டியையும் காலி செய்வது, இந்த நான்கையும் வகுப்புக் கணினியிலேயே பழகட்டும்.

இணைய மோசடி பற்றி எந்த அளவுக்குச் சொல்லலாம்?

வீட்டில் போன் பார்க்கத் தெரிந்த ஆள் பெரும்பாலும் இந்தப் பிள்ளைதான். அதனால் குடும்பத்துக்கே சொல்வதாக நினைத்துச் சொல்லுங்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் எப்போதும் தேவையில்லை. பின் கேட்டாலே பணம் நம்மிடமிருந்து போகிறது என்று பொருள். உதவித்தொகை வந்திருக்கிறது, கியூஆர் குறியை ஸ்கேன் செய்யுங்கள் என்பவர் ஏமாற்றுக்காரர். பணம் போய்விட்டால் உடனே இணையக் குற்ற உதவி எண் 1930-க்கு அழைக்க வேண்டும். பணம் கைமாறி எடுக்கப்படுவதற்குள் சொன்னால்தான் நிறுத்திவைக்க வாய்ப்பு.

படத்தை வைத்து மிரட்டுவது பற்றியும் பேசுங்கள், ஆண், பெண் இருபாலருக்கும். திரைப்பிடிப்பு எடுத்து வை, பதில் போடாதே, பணம் கொடுக்காதே, நம்பும் பெரியவரிடம் அன்றே சொல். குழந்தைகள் உதவி எண் 1098. 'ஏன் அனுப்பினாய்' என்று முதலில் கேட்கும் பெரியவரிடம் பிள்ளை மறுமுறை வராது. பெற்றோர் கூட்டத்தில் இதை வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

அடிக்கடி பழுதாகிறது. மெக்கானிக் வர வாரக்கணக்காகிறது. நாமே எதைச் சரிசெய்யலாம்?

உத்தரவாதக் காலத்தில் உள்ளதையோ முத்திரை ஒட்டியதையோ திறக்காதீர்கள். மற்றவற்றில் கீழ்க்கண்டவை கைக்கெட்டும் வேலை.

கணினி ஓடுகிறது, எந்தத் தளமும் திறக்கவில்லை, கடிகாரம் தவறு என்கிறது. மதர்போர்டில் உள்ள சிஆர் 2032 பொத்தான் பேட்டரி தீர்ந்து, தேதி பல ஆண்டு பின்னால் போயிருக்கும். தேதியைத் திருத்தினால் அன்றைக்கு ஓடும், பேட்டரியை மாற்றினால் நிலைக்கும்.

பீப் சத்தம் வந்து திரை கறுப்பாகவே இருக்கிறது. மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, ராம் அட்டையைக் கழற்றி, பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் துடைத்து, இருபக்கக் கொக்கியும் 'டக்' என்று விழும்வரை அழுத்துங்கள். நெடுஞ்சாலை, கல் குவாரிப் பக்கத்துப் பள்ளிகளில் தூசியால் இது அடிக்கடி வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை விசிறியையும் பிரஷ்ஷால் துடையுங்கள்.

பவர் சப்ளை பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள், கம்பியைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். பல்லி உள்ளே போய்ச் செத்து அது எரிந்துபோவது இங்கே வழக்கம். கேபினட்டின் பின்புறத்தில் மூடித் தகடு இல்லாத ஓட்டைகளை அடைத்துவிட்டால் பாதி தடுக்கலாம்.

பென்டிரைவில் கோப்புறைகள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கின்றன. அவற்றை இருமுறை சொடுக்கினால் வைரஸ் கணினிக்கும் ஏறும். மறைந்த கோப்புகளையும், பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளையும் காட்டும்படி அமைத்தால் அசல் கோப்புறை மங்கலாகத் தெரியும். சில சமயம் பெயரே இல்லாமல் இருக்கும். உள்ளிருப்பதை நகலெடுத்து, ஸ்கேன் செய்து, பென்டிரைவை ஃபார்மேட் செய்யுங்கள். வகுப்புக்கு ஒரே பென்டிரைவ், அதுவும் ஆசிரியர் கையில் என்று வைத்துக்கொண்டால் இந்த வேலையே குறையும்.

600 விஏ யுபிஎஸ் ஒன்றில் ஒரு கணினியும் திரையும் மட்டும். பேட்டரி நன்றாக இருந்தால் 10 முதல் 15 நிமிடம் தாங்கும்; அது சேமித்து மூடுவதற்கான நேரம், வகுப்பைத் தொடர்வதற்கில்லை. லேசர் பிரிண்டரை அதில் செருகக் கூடாது. உள்ளிருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு, மூன்று ஆண்டில் தளர்ந்துவிடும். மின்சாரம் போன நொடியே கணினி அணைந்தால் யுபிஎஸ்ஸைத் தூக்கிப்போடாமல் பேட்டரியை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

10 கணினிக்குக் கையிருப்பாக 2 சுட்டி, 1 விசைப்பலகை, 2 பொத்தான் பேட்டரி, 1 மின்கம்பி, 1 திரைக் கம்பி, ஒரு பிரஷ், ஒரு நட்சத்திர ஸ்க்ரூடிரைவர் போதும்.

வீட்டுக்கு லேப்டாப் வாங்கித்தர வேண்டுமா?

ஒன்பதாம் வகுப்பில் கட்டாயமில்லை. வாரம் ஒருமுறை பள்ளியிலோ நூலகத்திலோ கை வைக்க முடிந்தால் போதும். பழைய கணினி ஒன்று வாங்குவதென்றால் ராம் 8 ஜிபியும் எஸ்எஸ்டியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

தேர்வு வைப்பது எப்படி?

எழுத்துத் தேர்வு வேண்டாம். ஒவ்வொருவருக்கும் 30 நிமிடம், ஒரே வேலை. உதாரணமாக: அரூர், ஊத்தங்கரை, பாலக்கோடு என்று ஒரு வட்டம் கொடுங்கள். அதன் மக்கள்தொகையைத் தேடி, ஆண்டோடும் எடுத்த இடத்தோடும் அட்டவணையில் போட்டு, ஆண் பெண் விகிதத்தைச் சூத்திரத்தால் கண்டு, மூன்று வரி தமிழில் எழுதி, சரியான பெயரில் சேமித்து, ஆசிரியருக்கு மின்னஞ்சலில் இணைத்து அனுப்ப வேண்டும். இணையம் இல்லாத பள்ளியில் எண்களைத் தாளில் கொடுத்துவிட்டு, அவற்றில் வேண்டுமென்றே ஒன்றைத் தவறாக எழுதிவையுங்கள்.

20 மதிப்பெண்ணில் விடைக்கு 6, சூத்திரத்துக்கு 4, சேமித்து அனுப்பியதற்கு 4, எடுத்த இடத்தையும் ஆண்டையும் குறித்ததற்கு 6. பாதியில் நின்றாலும் எங்கே தவறியது என்று தானே சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு அந்தப் பகுதியில் பாதி மதிப்பெண் கொடுத்து, அடுத்த வாரம் அதே வேலையை மறுபடி செய்ய விடுங்கள்.